பயிற்றுநரை எங்கே அனுப்பலாம்? ஐடிஐ நடத்துபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மே கடைசி, ஜூன் தொடக்கம் வந்தால் எங்கள் ஐடிஐயில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: இந்த வருடம் எந்தப் பயிற்றுநரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது? கோவைக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் என்று நான்கு டிரேடு, ஆறு பயிற்றுநர்கள். நான் டர்னர் பயிற்றுநராகச் சேர்ந்து பதினெட்டு வருடம் லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் அருகில் நின்றவன். இப்போது பயிற்சிப் பொறுப்பு முழுவதும் என் கையில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வெளியே அனுப்பினால் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். அதனால் யார், எங்கே, எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு வருடமும் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். சில முடிவுகள் நன்றாக அமைந்தன. சில அமையவில்லை. அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

தொழிற்பயிற்சிக்கு இப்போது பணம் வருகிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டம் 2023இல் ஒரகடத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. ரோபோ, கணினி சொல்படி ஓடும் சிஎன்சி இயந்திரம், மின்வாகனம் என்று பத்து வருடத்துக்கு முன் ஐடிஐக்குள் நினைத்துப் பார்க்காத சாதனங்கள் எல்லாம் வந்திறங்கின. மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் கொடுத்த ஐடிஐ மேம்பாட்டுத் திட்டத்தின் மதிப்பு 60,000 கோடி. அதில் 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி என்பதும் ஒரு பகுதி. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஏனென்றால் இயந்திரத்தை ஒரு டெண்டரில் வாங்கிவிடலாம். அதன் பக்கத்தில் நின்று பதினேழு வயதுப் பையனுக்குச் சொல்லித்தருபவரை அப்படி வாங்க முடியாது. அவரை நாம்தான் வளர்க்க வேண்டும்.

முதலில் எது பழசாகிவிட்டது என்று பாருங்கள்

பயிற்சிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்றுநர் பின்தங்குவது இரண்டு விதமாக நடக்கிறது. ஒருவருக்குத் தொழில் அத்துப்படி, ஆனால் சொல்லித்தர வராது. இன்னொருவர் அருமையாகச் சொல்லித்தருவார், ஆனால் அவர் சொல்லித்தரும் தொழில் வெளியே மாறிப்போயிருக்கும்.

இரண்டாவது வகைக்கு மோட்டார் மெக்கானிக் டிரேடு நல்ல உதாரணம். 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது. அதோடு புது இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் போய், எரிபொருளை ஊசித் துளை வழியே செலுத்தும் முறை வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் ஒரு பயிற்றுநரை எனக்குத் தெரியும். அவ்வளவு அழகான கை. ஆனால் அவரிடம் படித்த பையன் ஷோரூம் சர்வீஸ் பிரிவில் சேர்ந்த முதல் நாளே வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவன் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

முதல் வகைக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், என்னையே சொல்லலாம். அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

ஐடிஐ விதியிலேயே இந்த இரண்டு வகையும் ஒளிந்திருக்கிறது. ஒரு டிரேடில் இரண்டு யூனிட்டுக்கு, அதாவது இரண்டு மாணவர் பிரிவுக்கு, இரண்டு பயிற்றுநர்கள் என்றால் ஒருவர் பட்டமோ டிப்ளமோவோ படித்தவராகவும், மற்றவர் ஐடிஐ சான்றிதழோ அப்ரண்டிஸ் சான்றிதழோ பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம். இருவருக்குமே கிராஃப்ட் பயிற்றுநர் சான்றிதழும் தேவை. நல்ல ஏற்பாடு இது. டிப்ளமோக்காரர் படம் வரைந்து கணக்குப் போட்டு விளக்குவார். ஐடிஐயில் இருந்து வந்தவருக்குக் கை பேசும். இந்த இருவரையும் ஒரே பயிற்சிக்கு அனுப்பினால் ஒருவருக்காவது அந்த நாட்கள் வீண். பல நிறுவனங்கள் சுற்றறிக்கை வந்ததும் யாருக்கு வேலை குறைவோ அவரை அனுப்பிவிடுகின்றன. நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம்.

ஒரு வருடப் படிப்பு

சிஐடிஎஸ் என்று நாங்கள் சொல்லும் கிராஃப்ட் பயிற்றுநர் பயிற்சி ஒரு வருடம். அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். சென்னையில் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் நம் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமான இடம். பழைய ஆட்கள் இன்னும் அதை ஏடிஐ என்றுதான் சொல்வார்கள். தொழில்நுட்பம் ஒரு பாதி, கற்பிக்கும் முறை ஒரு பாதி என்று பாடம் போகும்.

அந்த இரண்டாவது பாதிக்காகவே இதை நான் உயர்வாக மதிக்கிறேன். சேர்ந்த புதிதில் நான் த்ரெட், அதாவது திருகு மரை, வெட்டிக் காட்டும்போது மாணவர்கள் லேத்துக்கு எதிர்ப்பக்கம் அரைவட்டமாக நிற்பார்கள். நான் பேசிக்கொண்டே வெட்டுவேன். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. சிஐடிஎஸ்ஸில் எனக்குக் கற்பித்தல் முறை எடுத்தவர் ஒரே செய்முறையை மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்றாவது தடவை என்னை மாணவர்கள் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, வேறொருவரைச் செய்யச் சொன்னார். அப்போதுதான் புரிந்தது. எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாமே இடம்வலம் மாறித் தெரிகிறது. டூலைத் தாங்கும் கேரேஜ் எந்தப் பக்கம் நகர்கிறது, ஹேண்டிலை எந்தப் பக்கம் சுற்றுகிறார் என்பதை மாணவன் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூடவே காதில் என் பேச்சு வேறு. பையன்கள் ஏன் முதல் ஜாபில், அதாவது முதல் பயிற்சி வேலையில், ஹேண்டிலைத் தப்பாகச் சுற்றினார்கள் என்பதற்கு எனக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

மாணவனைத் தயார்ப்படுத்துவது, எடுத்துச் சொல்லிக் காட்டுவது, அவனையே செய்ய வைப்பது, பிறகு சோதித்துப் பார்ப்பது என்று நான்கு படிகள் அங்கே சொல்லித்தருவார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஒரு வருடம் தினமும் அதை எழுதி, செய்து, திட்டு வாங்கித் திருத்தினால்தான் அது பழக்கமாகிறது. ஐந்து நாளில் இது வராது.

குறை என்ன? ஒரு வருடம் ஆள் இல்லை. பதிலுக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். கோவையில் இருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டர். குடும்பம் உள்ளவருக்கு, அதிலும் சின்னக் குழந்தை இருக்கும் பெண் பயிற்றுநருக்கு, இது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் பயிற்றுநர் நுழைவுத் தேர்வில் தேறியும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். அவர் அம்மா ஊரில் இருந்து வந்து கூடவே தங்கிய பிறகுதான் போக முடிந்தது. ஏற்கெனவே பணியில் இருக்கும் அனுபவசாலிகளுக்கு முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் வழி ஒன்றும் இருக்கிறது. சான்றிதழ் இல்லாத பழைய பயிற்றுநருக்கு அது நல்ல வழி. ஆனால் அது ஏற்கெனவே தெரிந்ததைச் சோதித்துத் தரும் சான்றிதழ்தான். சொல்லித்தரும் முறையே தகராறு என்றால் அதை எடுத்துப் பயனில்லை, முழுப் படிப்புக்கே அனுப்புங்கள்.

பணிக்கு வந்து ஐந்து வருடத்துக்குள் இருக்கும், சான்றிதழ் இல்லாத ஒருவர் உங்களிடம் இருந்தால் மற்ற எல்லா வழிகளையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இன்னும் முப்பது வருடம் சொல்லித்தரப் போகிறவருக்கு ஒரு வருடம் கொடுப்பது பெரிய விஷயமில்லை.

ஒரு வாரப் பயிற்சிகள்

சுற்றறிக்கையில் அதிகம் வருவது இதுதான். தரமணியில் 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்காகப் பல வருடங்களாகக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. கிண்டியிலும் ஐடிஐ பயிற்றுநர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிகள் உண்டு. திங்கள் காலை பதிவு, வெள்ளி மாலை சான்றிதழ் என்பது பொதுவான அமைப்பு.

இதில்தான் நாங்கள் பெரிதாகச் சறுக்கினோம். எங்கள் ஏசி மெக்கானிக் பயிற்றுநர் நாற்பத்தெட்டு வயதுக்காரர், பழைய ஏசிகளின் குளிரூட்டும் வாயுவான ஆர்-22இல் வளர்ந்தவர். புது ஏசிகளில் ஆர்-32 வந்துவிட்டது. அது இலேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. சில கம்பெனிகள் பயன்படுத்தும் ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது நம் சமையல் எரிவாயுவின் உறவு. பழைய பழக்கத்தில் குழாய்க்குள் இருக்கும் காற்றை வாயுவை விட்டே வெளியே தள்ளுவார்கள். புது வாயுக்களில் அப்படிச் செய்யவே கூடாது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்து, வேக்குவம் பம்பு போட்டு, அப்புறம்தான் வாயு. அவருக்குத் தேவைப்பட்டது இந்தப் பயிற்சி. அந்த மாதம் கையில் வந்ததோ டிஜிட்டல் வகுப்பறை பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கான அழைப்பு. இடம் காலியாகப் போகிறதே என்று அவரை அனுப்பினேன். ஒரு பையும் சான்றிதழுமாகத் திரும்பினார். அடுத்த திங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழையபடியே வாயுவை விட்டுக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். நல்லவேளை, யூனிட் பழையது. தப்பு என்னுடையது, பயிற்சி நடத்தியவர்கள் அவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

அதற்காக ஒரு வாரப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வினாத்தாள் அமைப்பது, செய்முறை மதிப்பீடு, ஆய்வகக் கையேடு எழுதுவது, புதுப் பாடத்திட்டத்தைப் புரிந்துகொள்வது போன்றவற்றுக்கு இதுவே போதும். முதல்வரோ துறைத்தலைவரோ போய்வந்தால் முழு நிறுவனத்துக்கும் பலன் உண்டு. கையால் செய்யும் பயிற்சி என்றால் இன்னும் நல்லது. வெல்டிங் பயிற்றுநர் உள்ளவர்கள் திருச்சி பெல் வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளை அவசியம் விசாரித்துப் பாருங்கள். விசாரிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐந்து நாளில் எத்தனை மணிநேரம் பயிற்றுநர் கையில் கருவி இருக்கும்?

பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், தேர்வு முடிந்து புது பேட்ச் வருவதற்கு இடைப்பட்ட நாட்களில், குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம், மற்றவர்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் இரண்டு வாரம் வேலை பார்த்தேன். மூன்று சிஎன்சி, இரண்டு சாதா லேத், ஒரு மில்லிங். மோட்டார் பம்புக்கான ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்யும் செட்டரும் முதலாளியேதான். டூல் ஆஃப்செட் எடுப்பது, அதாவது டூல் நிற்கும் அளவை இயந்திரத்துக்குச் சொல்வது, புரோகிராமில் ஒரு வரி திருத்துவது, வெட்டுமுனையான இன்செர்ட் தேய்ந்துவிட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பது எல்லாம் அவரிடம் கற்றேன். நான்காவது நாள் டீ குடிக்கும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்: "சார், உங்க பசங்க இந்த ஷாஃப்ட்ட சாதா லேத்துல எவ்வளவு நேரத்துல முடிப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அத்தனை வருடச் சர்வீஸில் ஒரு ஜாபுக்கு எவ்வளவு நேரம் ஆகலாம் என்று நான் ஒரு தடவைகூட மாணவனுக்குச் சொன்னதில்லை. அளவு சரியா, ஃபினிஷ் சரியா, அவ்வளவுதான் எங்கள் உலகம். அவருக்கோ ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் சம்பளம், கரண்ட் பில், வட்டி எல்லாம். திரும்பி வந்ததும் எங்கள் ஜாப் ஷீட் அத்தனையிலும் ஒரு கட்டம் சேர்த்தோம்: எதிர்பார்க்கும் நேரம், ஆன நேரம். அந்த ஒரு கட்டம் மாணவர்களிடம் கொண்டுவந்த மாற்றம் எந்த ஒரு வாரப் பயிற்சியிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பொருளைத் தேடி ஓடுவது குறைந்தது. டூலை முன்னாலேயே எடுத்து வரிசையாக வைக்கப் பழகினார்கள்.

பெரிய தொழிற்சாலை வேறு மாதிரி. எங்கள் ஃபிட்டர் பயிற்றுநர் ஒரு பெரிய வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மூன்று வாரம் போனார். முதல் இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு. அப்புறம் ஒரு லைனில் நிறுத்தினார்கள். ஒரே போல்ட்டை ஒரே டார்க்கில், அதாவது ஒரே முறுக்கு விசையில், இறுக்கும் இடம். அதையும் தொடவிடவில்லை, பார்க்கத்தான் அனுமதி. அவர்கள் மேலும் தப்பில்லை. மாதக் கடைசி, உற்பத்தி இலக்கு, அடிபட்டால் யார் பொறுப்பு? பத்து நாள் அப்படிப் போன பிறகு, அவரே தைரியமாக மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். அங்கேதான் விஷயம் இருந்தது. ஹைட்ராலிக் கசிவு, பேரிங் மாற்றுவது, சென்சார் பழுது என்று தினமும் ஒன்று. கருவிகளும் அச்சுகளும் தயாராகும் டூல் ரூமிலும் தரக்கட்டுப்பாட்டிலும் கடைசி மூன்று நாள் இருந்தார். ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போட்டால்தான் மீதி ஓடும் என்ற வழக்கத்தை அங்கிருந்து கொண்டுவந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வைத்தார்.

ஆக, சின்னப் பட்டறை, பெரிய தொழிற்சாலை இரண்டில் எது என்று கேட்டால்: கைத்திறன் புதுப்பிக்க வேண்டுமென்றால் சின்னப் பட்டறை. அங்கே ஆள் பற்றாக்குறை, நீங்கள் கை வைத்தே ஆக வேண்டும். ஒழுங்குமுறை, தரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய இடம், ஆனால் உற்பத்தி லைன் வேண்டாம், மெயின்டனன்ஸும் டூல் ரூமும் கேளுங்கள். மாதத்தின் முதல் பாதியில் போங்கள். விபத்துக் காப்பீடும் பாதுகாப்பு ஷூவும் நம் செலவில் ஏற்பாடு செய்துவிட்டுக் கேட்டால் பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 பாடத்திட்டத்தில் மாணவர்களுக்கு வருடத்துக்கு 150 மணிநேரப் பணியிடப் பயிற்சி வந்திருக்கிறது. மாணவர்களைப் பார்க்க எப்படியும் பயிற்றுநர் அந்தத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கித் திரும்புவதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஒரு முழு நாள் அங்கேயே நின்று வேலை பார்க்கச் சொல்லுங்கள். தனியாக விடுப்பும் வேண்டாம், பதில் ஆளும் வேண்டாம். பாடம் ஐடிஐயில், செய்முறை தொழிற்சாலையில் என்ற இரட்டைப் பயிற்சி முறைக்குத் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஐடிஐகளுக்கு இது இன்னும் சுலபம்.

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தொழிற்சாலை எதைச் செய்கிறது என்று காட்டும், அதைப் பதினேழு வயதுப் பையனுக்கு எப்படிப் படிப்படியாகச் சொல்வது என்று காட்டாது. பட்டறைக்காரர் தன் வேலையாளுக்குச் சொல்லித்தரும் விதத்தை அப்படியே வகுப்பில் செய்தால் பாதிப் பையன்கள் டிரேடையே விட்டு ஓடிவிடுவார்கள்.

இயந்திரக் கம்பெனி தரும் பயிற்சியும் ஆன்லைனும்

சிஎன்சி வாங்கினால் இரண்டு மூன்று நாள் இலவசப் பயிற்சி கூடவே வரும். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அது பெரும்பாலும் இந்த பட்டனை அழுத்தினால் இது வரும் என்ற அளவில் இருக்கும். இயந்திரம் இறங்கிய பரபரப்பில் பாதி மண்டையில் ஏறாது. ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு நாள் இப்போது, மீதி இரண்டு மாதம் கழித்து என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு மாதத்தில் பயிற்றுநருக்குக் கேள்விகள் சேர்ந்திருக்கும். ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். பயிற்சி பெற்றவர் வேலையை விட்டுப் போனால் அறிவும் கூடவே போய்விடும் நிலைமை எங்களுக்கு ஒரு தடவை வந்திருக்கிறது.

ஆன்லைனில் பயிற்றுநர்களுக்கு நிறைய இருக்கிறது. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் பாடத்திட்டம், வினா வங்கி, வீடியோ எல்லாம் கிடைக்கும். கிண்டியில் 1986இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய நிமி, அதாவது தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், டிரேடு வாரியாகப் புத்தகம் போடுகிறது, தமிழிலும் உண்டு. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாக 8 தொகுதிகள் கொண்ட தேசியப் பயிற்சி ஒன்று இருக்கிறது. செலவும் அலைச்சலும் இல்லை, வீட்டில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக்கூடப் படிக்கலாம். ஆனால் அரத்தைப் பிடிக்கும் கோணத்தை யாராவது நம் முழங்கையைப் பிடித்துத்தான் திருத்த வேண்டும். பட்டறைக்குப் போவதற்கு முந்தைய வாரம் சம்பந்தப்பட்ட பாடத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன். அந்த அளவில் இதற்கு நல்ல பயன் இருக்கிறது.

சொந்த ஒர்க்‌ஷாப்பிலேயே

செலவே இல்லாத வழி, அதிகம் பேர் செய்யாத வழி. எங்களிடம் இது தற்செயலாகத்தான் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை, மாணவன் ஒருவன் செய்த ஸ்டெப் டர்னிங் ஜாபுக்கு (ஒரே தண்டை வெவ்வேறு விட்டத்தில் படிபடியாகக் கடைவது) மதிப்பெண் குறைவு என்று புகார். மூன்று பயிற்றுநர்களைத் தனித்தனியாகத் திருத்தச் சொன்னேன். ஒருவர் 82 போட்டார், ஒருவர் 71, ஒருவர் 64. ஒரே ஜாப். ஒருவர் வெர்னியரில் ஒரு இடத்தில் அளந்திருந்தார். இன்னொருவர் மைக்ரோமீட்டரில் இரண்டு முனையிலும் அளந்து டேப்பர், அதாவது ஒரு முனை சற்றுக் குறுகி, இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். மூன்றாமவர் கூர் விளிம்பை உடைக்காமல் விட்டதற்கு நிறையக் கழித்திருந்தார். படத்தில் தனியாக டாலரன்ஸ், அதாவது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது, போடாத அளவுகளுக்கு எதை எடுத்துக்கொள்வது என்பதிலேயே மூவருக்கும் மூன்று கணக்கு. அப்படிப்பட்ட அளவுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2768இன் நடுத்தர வகுப்பின்படி 30 மில்லிமீட்டருக்கு மேல் 120 வரையுள்ள அளவுக்கு கூட்டல் கழித்தல் 0.3 என்று எடுத்து வைத்துப் பேசிய பிறகுதான் பேச்சு ஒரு வழிக்கு வந்தது. எந்த சாரிடம் போனால் மதிப்பெண் கிடைக்கும் என்று மாணவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அன்றில் இருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணிநேரம் ஒதுக்குகிறோம். ஒரு வாரம் ஒரே ஜாபை எல்லோரும் தனியாகத் திருத்தி ஒப்பிடுவது. இன்னொரு வாரம் ஒருவர் செய்முறை நடத்த, மற்றவர்கள் மாணவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது. பார்ப்பவர் பயிற்றுநரைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். எந்த இடத்தில் தனக்குத் தெரியவில்லை, எந்த இடத்தில் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். ஆரம்பத்தில் பெரியவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "சார், நீங்க அங்க நின்னா எனக்கு கை ஓடல" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அதனால் முதல் ஆளாக நானே லேத்தில் நின்றேன். மூன்று பேர் மூன்று குறை சொன்னார்கள், மூன்றும் சரி. அதற்குப் பிறகு மற்றவர்களுக்குத் தயக்கம் குறைந்தது.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு பேருக்கும் தெரியாத ஒன்று ஆறு பேர் கூடிப் பேசினால் வந்துவிடாது. ஆர்-32 பற்றி எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை வாரம் பேசியிருந்தாலும் பயனில்லை.

எங்கள் கணக்கு

சொல்லித்தருவதில் குறை, வயது குறைவு என்றால் ஒரு வருடப் படிப்பு. சொல்லித்தருவதில் குறை, ஆனால் ஓய்வுக்கு ஆறேழு வருடம்தான் என்றால் சனிக்கிழமைக் கூட்டம். ஐம்பது வயதுக்காரரை நுழைவுத் தேர்வுக்கு வற்புறுத்துவது அவருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. தொழில் பழசாகிவிட்டது என்றால் பட்டறை. பாடத்திட்டம், மதிப்பீடு குழப்பம் என்றால் ஒரு வாரப் பயிற்சி, அதுவும் தலைமையில் இருப்பவருக்கு. ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், பட்டறையில் இரண்டு வாரம், திரும்பி வந்ததும் அதில் கற்ற ஒன்றைச் சனிக்கிழமை மற்றவர்கள் முன்னால் செய்து காட்டுவது என்பேன். இரண்டையும் பிரிக்காதீர்கள். காட்ட வேண்டும் என்று தெரிந்தால்தான் அங்கே குறிப்பு எடுப்பார்.

எங்கு அனுப்பினாலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். வந்த இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு ஜாப் ஷீட், ஒரு செய்முறை, ஒரு பாதுகாப்புப் பழக்கம் மாறியிருக்க வேண்டும். மாறியதை எழுதி ஒர்க்‌ஷாப் பலகையில் ஒட்ட வேண்டும். சான்றிதழ் நகலைக் கோப்பில் வைப்பது அதற்கு அப்புறம்தான்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்குப் போகிறவரின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், விடுப்பிலும் கழிக்காதீர்கள். தனியார் ஐடிஐகளில் இது நடக்கிறது. சொந்த விடுப்பைக் கொடுத்து, சொந்தக் காசில் பஸ் ஏறிக் கற்றுக்கொண்டு வரும் பயிற்றுநர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனால் அவர்களை அந்த நிலையில் வைத்திருப்பது அநியாயம்.

ஏசி மெக்கானிக் பயிற்றுநரை அந்த ஐந்து நாள் சறுக்கலுக்கு அடுத்த வருடம் ஒரு சர்வீஸ் சென்டருக்கு இரண்டு வாரம் அனுப்பினோம். கோடைக்கு முன்னால், பிப்ரவரியில், அவர்களுக்கு வேலை குறைவாக இருந்த நேரம். கடிதத்தில் நான்கே வரி எழுதினேன்: இவருக்கு என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், கருவியைத் தொட அனுமதி வேண்டும், காப்பீடு எங்கள் பொறுப்பு. திரும்பி வந்த திங்கட்கிழமை அவர் என் அறைக்கு வரவில்லை, நேராக ஸ்டோருக்குப் போய் நைட்ரஜன் ரெகுலேட்டரும் வேக்குவம் கேஜும் கேட்டு இன்டென்ட் எழுதியிருந்தார். இந்த வருடம் ஜூனில் உட்கார்ந்து பேசியபோது, சர்வீஸ் சென்டருக்கு அடுத்து எலக்ட்ரீஷியன் பயிற்றுநரையும் அனுப்பலாமா, இன்வெர்ட்டர் போர்டு பார்க்க அவருக்கும் தேவைப்படுமே என்று முதலில் கேட்டவர் அவர்தான்.